ஊர் திரும்பலாம், சரி. யார் யார்?

"சென்னையை விட்டுட்டு ஊருக்கே போயிட்டீங்களாமே, செலவு பாதியாயிருக்குமே?" தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் இந்தக் கேள்விதான். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். தியாகராய நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் வரவு செலவைப் பார்த்தே தலை நரைத்தது. இப்போது கரிவலம்வந்தநல்லூரில், என் கணவரின் பூர்விக வீட்டில், திண்ணையை ஒட்டிய அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறேன். அதனால் பதிலையும் கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

வில்லிவாக்கத்தில் கொடுத்த வாடகை நின்றது. தண்ணீர் கேன், ஆட்டோ, ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் எல்லாம் நின்றன. காய்கறி மலிவு, பால் நல்ல பால். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், ஓடு மாற்றிய செலவு, செப்டிக் டேங்க், இன்வெர்ட்டர், ஒன்று படுத்தால் கைகொடுக்க இன்னொன்று என்று இரண்டு இன்டர்நெட் இணைப்பு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் வாடகைக் கார், அப்புறம் மொய். கூட்டிக் கழித்தால் மிச்சம் இருக்கிறது. பாதியெல்லாம் இல்லை.

ஆனால் எந்தப் பத்தியிலும் எழுத முடியாத ஒரு வரவு எனக்கு இருந்தது. வந்த புதிதில் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் "நீங்க ஆரு வீட்டு மருமவ?" என்று கேட்டார்கள். மாமனார் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது, நாற்காலி வந்தது, கடன் கணக்கு நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் கிடைத்தது. என் படிப்போ சேமிப்போ திறக்காத கதவுகளை அந்த ஒரு பெயர் திறந்தது. அப்படிச் சொல்லிக்கொள்ளப் பெயர் இல்லாதவர்களுக்கு, அல்லது பெயரைச் சொன்னால் கதவு மூடிக்கொள்பவர்களுக்கு, இதே ஊர் எப்படி இருக்கும்? கிராமத்துக்குத் திரும்புங்கள் என்று மேடைகளிலும் செல்போன் வீடியோக்களிலும் அழைக்கிறவர்கள் இந்தக் கேள்விப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில், சங்கரன்கோவிலுக்கு 10 கிலோமீட்டர் சொச்சம் முன்னால் வருவது எங்கள் ஊர். 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டம், அன்றிலிருந்து தென்காசி மாவட்டம். பால்வண்ணநாதர், ஒப்பனையம்மாள் கோயில் இங்கே பெரிது. பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்புக்கு உரியது என்பார்கள், மண்ணுக்குச் சங்கரன்கோவில். அங்கே ஆடித் தபசு என்றால் இங்கே ஆவணித் தபசு. அதிவீரராம பாண்டியர், வரதுங்கராம பாண்டியர் என்று 16-ஆம் நூற்றாண்டுத் தென்காசிப் பாண்டியர்கள் புழங்கிய மண். திருக்கருவை அந்தாதிகள் இந்தத் தலத்தின்மேல் பாடப்பட்டவை.

பழம்பெருமையைத் தேடி வருகிறவர்களுக்கு உ.வே.சாமிநாதையர் கதையைச் சொல்வது என் வழக்கம். அவரும் ஏடு தேடி இந்த ஊருக்கு வந்தவர்தான். பாண்டிய மன்னர் காலத்து ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவரிடம், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டோம், சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது என்றார்களாம். 'என் சரித்திரம்' நூலில் நொந்துபோய் எழுதியிருக்கிறார். செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பக்தியோடுதான் செய்திருக்கிறார்கள். நாம் தேடி வருவது நமக்காகக் காத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு வரக் கூடாது, அவ்வளவுதான்.

நான் தேடி வரவில்லை. அத்தை, அதாவது என் மாமியார், முற்றத்தில் வழுக்கி விழுந்தார். எண்பதைத் தாண்டியவர், சென்னைக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடி. இவர், என் கணவர், ஒரே மகன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இவருக்கு ஓய்வு கிடைத்த சமயமும் அதுவாக இருந்தது. கிளம்பிவிட்டோம்.

அத்தை விழுந்தது ராத்திரியில். பக்கத்து வீட்டுப் பையன் தன் லோடு ஆட்டோவில் மெத்தையை விரித்து அவரைக் கிடத்தி, சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து திருநெல்வேலிக்கு. மறுநாள் ரயில் பிடித்து நாங்கள் வந்து சேரும்வரை அவனும் அவன் அம்மாவும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தார்கள். பணம் கொடுத்தபோது அவன் வாங்கவில்லை. "என்ன அத்த, யாருக்கோ செஞ்ச மாரி பேசுதிய" என்றான். எனக்குக் கூச்சமாக இருந்தது. சென்னைப் பழக்கம், கடன் வைக்கப் பிடிக்காது.

பிறகு வீட்டைத் துப்புரவு செய்தபோது டிரங்குப் பெட்டியில் அத்தையின் மொய் நோட்டுகள் கிடைத்தன. நோட்டுகள் என்று பன்மையில் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு கட்டே இருந்தது. ஐந்து ரூபாய், பதினொரு ரூபாய், எவர்சில்வர் சருவம் ஒன்று, குத்துவிளக்கு ஒரு ஜோடி. யார் செய்தது, எந்த விசேஷத்துக்கு, நாம் திருப்பிச் செய்தது எப்போது, எவ்வளவு கூட்டிச் செய்தோம். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாத அத்தை சொல்லச் சொல்ல, அந்தந்தக் காலத்தில் வீட்டில் படித்த பிள்ளைகள் எழுதியவை. என் தொழிலில் எத்தனையோ கம்பெனிப் பேரேடுகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தவை சொற்பம். லோடு ஆட்டோக்காரப் பையனின் தாத்தா பெயர் அதில் இருந்தது. அவர் மகள் கல்யாணத்துக்கு எங்கள் மாமனார் அரிசி மூட்டை அனுப்பியது இருந்தது. அன்று ராத்திரி வண்டியை அவன் ஏன் எடுத்தான் என்பதற்கு அன்பு ஒரு காரணம், இந்த நோட்டு இன்னொரு காரணம். இரண்டையும் பிரித்துப் பார்க்க இங்கே யாரும் மெனக்கெடுவதில்லை. நானும் விட்டுவிட்டேன்.

சென்னையில் பிளம்பர் வந்தால் காசைக் கொடுத்ததும் கணக்கு முடிந்துவிடும். அவர் யாரோ, நான் யாரோ. இங்கே கணக்கு முடிவதே இல்லை. காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம், துட்டி (சாவு) என்று மாதம் தவறாமல் போய் நிற்க வேண்டும். பணமாகக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, முகம் தெரிய வேண்டும். துட்டி வீட்டுக்குப் போகாமல் விட்டால் வருஷக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்றால் பாதிப் பேருக்கு அது வேலையாகவே தெரிவதில்லை. "சும்மாதான இருக்கிய, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்பார்கள். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி மூன்று-பி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள். அந்தத் தேதிக்கு முன்னால் வரும் நாலு நாள் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அந்த நாட்களில் பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மதியம்வரை கரண்டை நிறுத்துவதும் உண்டு. இன்வெர்ட்டர் தாக்குப்பிடிக்கும், செல்போன் டவர் தாக்குப்பிடிக்காது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலில் சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடுவேன். நல்லவேளையாக பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. மெயின் ரோட்டில் இருக்கிற புண்ணியம். நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

வைத்தியத்தைப் பற்றிப் பயமுறுத்துகிற மாதிரி எழுதுவது சுலபம். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், சில விஷயங்களில் சென்னையைவிட இங்கே நன்றாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அத்தைக்கு இடுப்பு எலும்பு சேர்ந்த பிறகு, நடக்கவைத்துப் பழக்க இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வந்தார். வில்லிவாக்கத்தில் இதற்கு ஒவ்வொரு முறையும் காசை எண்ணி வைத்திருப்பேன். குறை எங்கே என்றால், திடீரென்று பெரிதாக ஏதாவது வந்தால். 2008-லிருந்து 108 வண்டி இருக்கிறது, அது வந்தும் விடுகிறது. ஆனால் ஏற்றிக்கொண்டு எங்கே போவது? முதலுதவி சங்கரன்கோவிலில். அதற்கு மேல் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, இங்கிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர். இல்லாவிட்டால் 2022-இல் திறந்த விருதுநகர் மருத்துவக் கல்லூரி, அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். மூளை, இருதயம் என்றால் பலரும் நேரே மதுரைக்கே போகிறார்கள். மாவட்டம் பிரித்தார்கள், கலெக்டர் ஆபீஸ் வந்தது, அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. மாரடைப்பு வந்தவருக்கு முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம் என்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த ஒரு மணி நேரம் நாற்கரச் சாலையைப் பிடிப்பதற்குள்ளேயே போய்விடும். ஓய்வுக்குப் பிறகு கிராமத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்பவர்கள், எந்த வயதில் மனிதனுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் வேண்டும் என்பதை யோசிக்கத்தான் வேண்டும்.

அத்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியதில் நான் தெரிந்துகொண்டது நிறைய. கிராமத்தில் ஆள் சுலபமாகக் கிடைக்கும் என்பது நகரத்துக்காரர்களின் நினைப்பு. யார் இங்கே சும்மா இருக்கிறார்கள்? விடியுமுன் பூப் பறிக்கப் போய்விடுகிறார்கள். மல்லிகையும் பிச்சியும் வெயில் ஏறுமுன் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும், மலர்ந்துவிட்டால் விலை போகாது. அதற்கப்புறம் நூறு நாள் வேலை இருந்தால் அது, இல்லாவிட்டால் களையெடுப்பு, தையல், ஆடு. எங்கள் வீட்டுக்கு வர ஒத்துக்கொண்ட அக்கா பத்து மணிக்கு மேல்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். கூலியிலும் கறார். எனக்கு அது பிடித்திருந்தது.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. கூலியால் அல்ல. அந்த அக்கா தெற்கே காலனியிலிருந்து வருகிறவர். குளிப்பாட்டலாம், துணி மாற்றலாம், மலஜலம் எடுக்கலாம். அடுக்களைக்குள் வந்து ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கக் கூடாது. நான் சத்தம் போட்டேன். இவர் வாயைத் திறக்கவில்லை; சென்னையில் இந்த மாதிரி விஷயங்களில் நீளமாகப் பேசுகிறவர்தான். கடைசியில் அந்த அக்காவே, "விடுங்கக்கா, அவுக காலம் அப்படி" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். இன்றைக்கும் நான் வீட்டில் இருக்கிற நேரத்தில் மட்டுமே அவர் அடுக்களைக்குள் போகிறார்.

இங்கே ஜோஹோ நிறுவனத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் மாவட்டத்தில் யாரிடம் பேசினாலும் அந்தப் பெயர் வந்துவிடும். 2011-இல் தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தார்கள். 2019-இல் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டார். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சைக்கிளில் போகும் முதலாளி படம் வராத பத்திரிகை இல்லை. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வேலைக்குச் சென்னை, பெங்களூரு போயே ஆக வேண்டும் என்ற விதியை அவர்கள் உடைத்துக் காட்டியிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்துப் பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் நல்ல சம்பளம் வாங்குகிறார்கள் என்றால், பிள்ளையை வெளியூர் அனுப்பப் பயந்த எத்தனை அப்பாக்களின் வாயை அது அடைத்திருக்கும்!

ஆனால் ஒரு நிறுவனம் ஊருக்கு வருவதும் ஒரு குடும்பம் ஊருக்கு வருவதும் வேறு வேறு. நிறுவனம் வந்தால் மின்சாரத்துக்கு ஜெனரேட்டரும் இன்டர்நெட்டுக்குத் தனி லைனும் அதோடு வரும். உள்ளே நுழைந்தால் அடையாள அட்டை பேசும், தெருப் பெயர் பேசாது. என்னைப் போலத் தனியாக வருகிறவளுக்கு அந்தச் சுவர் இல்லை. ஊர் எப்படியோ அப்படியே என் வாசலில் நிற்கிறது. அவர்களின் வெற்றியைக் காட்டி எல்லோரையும் வரச் சொல்வதில் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது.

இன்னொரு வித்தியாசம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இவருக்கு இது சொந்த ஊர். டீக்கடைக்குப் போனால் மூன்றாம் வகுப்பில் கூடப் படித்தவர் இருக்கிறார், கண்மாய்க் கரையில் நடந்தால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. எனக்கு இது மாமியார் ஊர். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைப் பருவத்துக்குப் போய்விட்டார். நான் அறுபதை நெருங்கும்போது புது மருமகளாக ஆனேன். சென்னையில் நினைத்தால் கிளம்பி லைப்ரரிக்கோ பீச்சுக்கோ போவேன். இங்கே தனியாக ஒரு பெண் சாயங்காலம் நடக்கப் போனால், "எங்க மயினி, யாரையும் பாக்கப் போறியளா?" என்று மூன்று பேர் கேட்பார்கள். அக்கறைதான், சந்தேகமில்லை. சொல்லிக்கொள்ள ஒரு இடமாவது வேண்டுமே என்று கோயிலுக்குப் போகப் பழகினேன். பால்வண்ணநாதர் தயவில் நாள்தோறும் ஒரு மைல் நடக்கிறேன். ஊர் திரும்பியவர்களின் அனுபவம் என்று அச்சில் வருபவற்றில் பெரும்பாலும் ஆண்கள் பேசுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு தடவை மைக்கைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆடிட்டர் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் இந்த வட்டாரத்துக்காரர். நான் வந்ததும் உற்சாகத்தில் அவருக்கு போன் போட்டு, நீங்களும் வந்துவிடுங்களேன், இங்கிருந்தே வேலை பார்க்கலாமே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "அக்கா, எங்க அப்பா அந்த ஊர விட்டு பஸ் ஏறுனதுதான் எங்க குடும்பம் சேத்த சொத்து. அத வித்துட்டா வரச் சொல்றீங்க?" அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா டீக்கடையில் தனி டம்ளரில் குடித்தவர். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகச் சாடிப் பேசியதை எத்தனையோ பேர் மிகை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். காந்தியின் கிராம ராஜ்யத்தில் மயங்கியிருந்த சபையில், கிராமம் அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று சொல்ல அவருக்கு இருந்த காரணம் இந்தத் தம்பிக்கும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 48 பேர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வேலை தேடி மட்டும் போனார்கள், எத்தனை பேர் பெயர் தெரியாத ஓர் இடம் தேடிப் போனார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

திரும்பி வருகிறவர்கள் இருக்கட்டும். வேலை நிமித்தம் புதிதாக வருகிறவர்களைப் பாருங்கள். ஆசிரியர், நர்ஸ், பேங்க் கிளார்க், வேளாண்மை அலுவலர் என்று வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் உண்டு. எங்கள் பக்கத்து ஊர்களில் வீடு கேட்டுப் போனால் முதலில் ஊரைக் கேட்பார்கள். அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க எந்த ஆளுக?" என்பார்கள். பதிலைப் பொறுத்து வீடு காலியாக இருக்கும், அல்லது 'மகன் வாரான், வெள்ளையடிக்கப் போறோம்' என்று ஆகிவிடும். நேரடியாக யாரும் மறுப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரம்மா இப்படி அலைந்து சலித்து, ராஜபாளையத்தில் வீடு பிடித்து, தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார். ஆசிரியர்கள் ஊரில் தங்குவதில்லை, மணி அடித்ததும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடுகிறார்கள் என்று குறை சொல்லும் வாயே வீட்டையும் இல்லை என்கிறது.

வீடு இல்லாமலா இல்லை என்கிறார்கள்? எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் நடந்து பாருங்கள், பூட்டிய வீடுகள்தான். பிள்ளைகள் சென்னை, திருப்பூர், மும்பை. ஆவணித் தபசுக்கோ பொங்கலுக்கோ கதவைத் திறந்து ஒட்டடை அடித்து, இரண்டு நாள் இருந்துவிட்டு, திரும்பப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஓடு சரிகிறது, சுவர் ஈரம் வாங்குகிறது, முற்றத்தில் எருக்கு முளைக்கிறது. விற்கவும் முடியாது. பெரும்பாலும் கூட்டுப்பட்டா. 1989-லேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் அண்ணன் தம்பிகள் மட்டும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு, தங்கைகளை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிடுவதுதான் இங்கே நடைமுறை. ஏதாவது ஒரு தங்கை 'என் பங்கு என்ன?' என்று கேட்டுவிட்டால் வீடு பூட்டிக்கிடக்கும், பேச்சுவார்த்தையும் பூட்டிக்கொள்ளும். கேட்பது தப்பு என்று சொல்ல நான் ஆள் இல்லை. எங்கள் வீட்டிலும் இவருடைய தங்கைகள் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு, அதை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஓடு மாற்றக் கையை வைத்தோம். சொந்த வீடு இருக்கிறது, போய்விடலாம் என்று கிளம்பும் ஆண்கள், அந்தச் சொந்தத்தில் அக்கா தங்கைகள் எத்தனை பேர் என்று வில்லங்கச் சான்றோடு சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளோடு வரும் இளம் தம்பதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வேன் வைத்து ராஜபாளையத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் காலைச் சாப்பாடு இருக்கிறது, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. எல்லாம் தெரிந்தும் தயங்குகிறார்கள். கிராமத்துக் காற்று வேண்டும், கிராமத்துப் பள்ளி வேண்டாம். நான் பிள்ளை வளர்த்து முடித்தவள், தீர்ப்புச் சொல்வது எனக்குச் சுலபம் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சென்னைக்கே திரும்பிவிடலாமா என்று மகள் பெங்களூரிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இப்போதைக்கு இல்லை. ஆனியிலும் ஆடியிலும் மலையிலிருந்து காற்று இறங்கும்போது முற்றத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அத்தையோடு சண்டை போடக்கூடப் பழகிவிட்டது. ஓட்டையும் ரேஷன் கார்டையும் இங்கே மாற்றிக்கொண்டோம். உடம்பு ஊரிலும் ஓட்டு சென்னையிலுமாக இருந்துகொண்டு ஊர் சரியில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கட்சி.

அரசாங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூட்டிய வீடுகளை, உரிமையாளர்கள் சம்மதத்தோடு, மாவட்ட நிர்வாகமே வாடகைக்கு எடுத்து, பழுது பார்த்து, வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம். வாடகை ஒப்பந்தம் அரசோடு என்றால் வீட்டுக்காரருக்குக் காலி செய்ய மாட்டார்களோ என்ற பயம் இல்லை. குடிவருகிறவரிடம் 'எந்த ஆளுக?' என்று கேட்கும் வேலையும் வீட்டுக்காரருக்கு இல்லை, யாரைக் குடிவைப்பது என்பது அவர் கையிலேயே இருக்காது. டீச்சரும் நர்ஸும் ஊரில் ராத்தங்கினால் பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதார நிலையமும் தன்னால் மாறும். ஊர் திரும்புங்கள் என்று விளம்பரம் செய்வதைவிட இதற்குச் செலவும் குறைவு.

ஊரில் பெரியவர்கள் சிலரிடம் இதைப் பேசிப் பார்த்தேன். நல்ல யோசனைதான் என்றார்கள். "எந்தத் தெரு வீட்ட, யாருக்குக் குடுப்பாக?" என்று ஒருவர் கேட்டார். அதைக் கேட்கக் கூடாது என்பதுதான் திட்டமே என்றேன். காபி குடித்துவிட்டு எழுந்துபோய்விட்டார்கள்.

அதனால் எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு அறை, தனி வாசல், தனிக் கழிவறை. ராஜபாளையத்திலிருந்து பஸ் மாறி வரும் அந்த டீச்சரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பங்குதாரர்கள் என்ற முறையில் இவருடைய தங்கைகளுக்கும் போன் செய்து சொன்னேன். மூத்தவள் சரி என்றுவிட்டாள். சின்னவள், "யாருக்கு வேணாலும் குடுங்க மயினி, எனக்கொன்னும் இல்ல, ஆனா..." என்று இழுத்தாள். அந்த ஆனாவுக்குப் பிறகு வந்ததெல்லாம் அவள் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள், நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது. அவள் எம்.ஏ. படித்தவள், கோயம்புத்தூரில் அப்பார்ட்மென்டில் இருக்கிறாள், மேல்வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவளோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். இவரையும் பேசச் சொல்லியிருக்கிறேன். பின்கட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று, தனி மீட்டருக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று.